கவுண்டர் வைத்த ஸ்கிப்பிங் கயிறு: திரையில் வரும் கலோரி எவ்வளவு சரி?

விளையாட்டுப் பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு இந்தக் கயிறு கிடைக்கிறது. ஒரு கைப்பிடியில் சிறு திரையும் இரண்டு மூன்று பொத்தான்களும் இருக்கும். பிவிசி உறை போட்ட மெல்லிய கம்பிதான் கயிறு. கயிறு இல்லாமல் சுற்றுவதற்காக இரண்டு குட்டிப் பந்துகளும் கூட வரும். எத்தனை முறை தாண்டினோம், எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை கலோரி செலவானது என்று மூன்றையும் திரை காட்டும். முதல் இரண்டுக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். மூன்றாவதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

கைப்பிடிக்குள் இருப்பது எளிய ஏற்பாடு. கயிறு மாட்டியிருக்கும் சுழல் தண்டில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். கால் தரையை விட்டு எழுந்ததா, எவ்வளவு உயரம் எழுந்தது, மூச்சு எப்படி வாங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சென்சாருக்குத் தெரியாது. சுற்று எண்ணிக்கையையோ நேரத்தையோ எடுத்து, நாம் பதிந்த உடல் எடையால் பெருக்கி, தொழிற்சாலையில் வைத்த ஒரு மாறிலியைச் சேர்த்துத்தான் கலோரி என்று காட்டுகிறது. எடையைப் பதியவே வழியில்லாத மாடல்களும் உண்டு. அவற்றில் 45 கிலோ பெண்ணுக்கும் 90 கிலோ ஆணுக்கும் ஒரே எண்தான் வரும். அப்படிப்பட்டதைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

வாங்கியதும் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். எடையை 50 என்று வைத்து, நின்ற இடத்திலேயே கயிற்றை 200 சுற்று சுற்றுங்கள். பிறகு எடையை 100 என்று மாற்றி, அதே வேகத்தில் இன்னொரு 200 சுற்று. இரண்டாவது கலோரி ஏறத்தாழ இரண்டு மடங்காக வர வேண்டும். வராவிட்டால், எடை கேட்பது வெறும் ஒப்புக்குத்தான். அடுத்து, 100 சுற்று சுற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். கடிகாரமும் கலோரியும் ஓடிக்கொண்டே இருந்தால் அது நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் கருவி. இதைத்தான் பெரிய குறை என்று சொல்ல வேண்டும். பழகாதவர்கள் பத்து நிமிடப் பயிற்சியில் மூன்று நான்கு நிமிடம் மூச்சு வாங்கி நிற்பார்கள். அந்த நேரத்தையும் தாண்டியதாகவே அது எழுதிவிடும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 140 வரையிலான சாதாரண வேகத்தில் நன்றாகவே எண்ணும். கயிறு காலில் சிக்கும்போது அரைச் சுற்று கணக்கில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஒரே தாவலில் கயிற்றை இரண்டு முறை சுற்றுபவர்களுக்கு எண்ணிக்கை இரட்டிப்பாக வரும். பந்து மாட்டிச் சுற்றும்போதுதான் ஏமாற்றம் அதிகம். மணிக்கட்டைச் சுழற்றினாலே எண் ஏறும், சோர்ந்த கால்கள் குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும், நமக்கே அது தெரியாது. கூரை தாழ்ந்த வீட்டுக்குப் பந்து வசதிதான். ஆனால் அந்தக் கலோரி எண்ணை எழுதி வைக்காதீர்கள்.

சரி, உண்மையான செலவை எப்படி மதிப்பிடுவது? உடற்பயிற்சி ஆய்வாளர்கள் 'மெட்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 1 மெட். உடல் உழைப்புகளுக்கான மெட் தொகுப்பின் 2011 பதிப்பில், நிமிடத்துக்கு 100-க்குக் குறைவாகத் தாண்டினால் 8.8, 100 முதல் 120 வரை 11.8, 120 முதல் 160 வரை 12.3 என்று இருக்கிறது. மெட்டை 3.5-ஆல் பெருக்கி, உடல் எடையால் பெருக்கி, 200-ஆல் வகுத்தால் ஒரு நிமிடச் செலவு கிலோகலோரியில் வரும். உணவுப் பொட்டலங்களில் நாம் கலோரி என்று சொல்வதும் இந்தக் கிலோகலோரியைத்தான்.

60 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 110 தாண்டினால்: 11.8 × 3.5 × 60 ÷ 200 = 12.4. நிற்காமல் பத்து நிமிடம் என்றால் 124. அதையே 40 வினாடி தாண்டல், 20 வினாடி ஓய்வு என்று செய்தால் தாண்டிய நேரம் 6 நிமிடம் 40 வினாடிதான். அதற்கு ஏறக்குறைய 83. மீதி நேரத்துக்கு 2 மெட் என்று வைத்து 7 சேர்த்தால் மொத்தம் 90. நேரத்தை மட்டும் பார்க்கும் கவுண்டர் இங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டிக் காட்டியிருக்கும்.

காகிதமும் பேனாவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: உடல் எடையை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள். 1000 தாண்டலுக்கு ஆகும் கலோரி சுமாராக அதுதான். 45 கிலோவுக்கு 75, 60 கிலோவுக்கு 100, 75 கிலோவுக்கு 125. வேகத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே போகும். வேகமாகச் சுற்றுபவர் தாழ்வாகக் குதிப்பார் என்பதால், நிமிடக் கணக்கு ஏறினாலும் ஒரு தாவலுக்கான செலவு ஏறுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க: சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

இந்த எண் மொத்தச் செலவு என்பதையும் மறக்க வேண்டாம். தாண்டாமல் உட்கார்ந்திருந்தாலும் 60 கிலோ உடலுக்கு நிமிடத்துக்கு ஒரு கலோரி போகத்தான் செய்யும். ஒன்பது நிமிடத்தில் 1000 தாண்டியவருக்குப் பயிற்சியால் கூடுதலாகப் போனது 90-தான். எடைக் குறைப்புக்குச் சாப்பாட்டுக் கணக்கு வைப்பவர்கள் இந்த 90-ஐ எடுத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

ஸ்மார்ட் வாட்ச் இதைவிட மேலா என்றால், ஓரளவு ஆமாம். அது இதயத் துடிப்பையும் பார்க்கிறது. ஆனால் மணிக்கட்டு சுழன்றுகொண்டே இருப்பதால் துடிப்பைத் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கமாகக் கட்டினால் பிழை குறையும். நெஞ்சுப் பட்டை இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் தாண்டினால் உடலைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக அடிக்கும். வாட்ச் அதையும் உழைப்பு என்று எடுத்துக்கொண்டு கலோரியைக் கூட்டும். அதே 1000 தாண்டல் மார்கழிக் காலையில் குறைவாகக் காட்டினால் பயந்துவிடாதீர்கள்.

இனி கயிறு. நடுவில் ஒரு காலால் மிதித்து இரண்டு கைப்பிடிகளையும் மேலே இழுத்தால், கைப்பிடியின் நுனி அக்குள் வரை வர வேண்டும். நீளமாக இருந்தால் கயிறு தரையில் தவழும், குட்டையாக இருந்தால் தலையில் இடிக்கும். உடனே வெட்டிவிடாமல் திருகாணியைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்து ஒரு வாரம் பழகிவிட்டு வெட்டுங்கள். மொட்டைமாடியின் சொரசொரப்பான சிமெண்டில் உறை சீக்கிரம் தேயும். நடுவில் தரையைத் தொடும் இடத்தில்தான் முதலில் கம்பி தெரியும். தெரிந்தால் கயிற்றை மாற்றிவிடுங்கள், கணுக்காலைக் கிழித்துவிடும். ரப்பர் பாய் விரித்துத் தாண்டினால் கயிற்றுக்கும் முழங்காலுக்கும் நல்லது. மடித்துச் செருகாமல் ஆணியில் தொங்கவிட்டால் முறுக்கு விழாது.

திரை மங்கினாலோ சுற்றுகள் விடுபட்டாலோ முதலில் பேட்டரியைப் பாருங்கள். அநேகமாக எல்ஆர்44 அல்லது சிஆர்2032 பட்டன் செல்தான் இருக்கும். வியர்வை இறங்கி முனைகளில் பச்சை பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விரலால் தள்ளினாலே திறக்கும் மூடி என்றால், குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த மாடல் வேண்டாம். திரையில்லாத சாதாரணக் கயிறும் செல்போன் ஸ்டாப்வாட்சும் போதும். 20 வினாடியில் எத்தனை தாண்டுகிறீர்கள் என்று எண்ணி மூன்றால் பெருக்கினால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.