எண்ணெய்க் கசிவுக்கு வெளியூர் பாக்டீரியாவா, உள்ளூர் பாக்டீரியாவுக்கு உரமா?

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அதற்கடுத்த நாட்களில் வந்த படங்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். பாறைகளுக்கு நடுவே வரிசை கட்டி நின்ற இளைஞர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளியில் கறுப்புக் கூழை மொண்டு, கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். கேலிக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பும் நாட்டில் எண்ணெய் அள்ள வாளியா என்றார்கள்.

வாளிக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டு மேலே போகிறேன். கப்பலின் எரிஎண்ணெய் சாதாரணமாகவே தார் மாதிரி இருக்கும். அலையில் அடிபட்டுக் கடல் தண்ணீரோடு கலந்தால் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். உறிஞ்சுகுழாய் போட்டால் அடைத்துக்கொள்ளும். பாறை இடுக்கில் நுழைந்து வேலை செய்தது வாளிதான்.

அள்ளிய கூழைத் துறைமுக வளாகத்திலேயே குழி வெட்டிக் கொட்டி, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்க் கலவையைப் போட்டார்கள். கேள்விப்பட்டதும் எல்லோருக்கும் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது: அப்படி ஒரு பாக்டீரியா இருக்கிறதென்றால் நேரே கடலிலேயே தூவியிருக்கலாமே?

தேடிப் போனால், இந்தத் துறையில் இரண்டு பெரிய கட்சிகள் இருக்கின்றன. தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாவை மூட்டையில் கொண்டுவந்து இறக்கு என்கிறது ஒன்று. அங்கே ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியாவுக்கு உரம் போடு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்கிறது மற்றது. சும்மா விடு என்று ஒரு சின்னக் கட்சியும் உண்டு. அதற்கு ஓட்டு குறைவு, ஆனால் சில தொகுதிகளில் அதுதான் ஜெயிக்கிறது.

துரத்துவதும் தின்பதும்

பழக்கமில்லாத ரசாயனம் உடம்புக்குள் வந்தால் மீனும் மனிதனும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். கல்லீரலில் இருக்கும் சைட்டோக்ரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் அந்த மூலக்கூறில் ஒரு ஆக்சிஜனைச் செருகும். அப்புறம் வேறு நொதிகள் அதன் தலையில் சர்க்கரை, சல்பேட் என்று எதையாவது கட்டிவிடும். எண்ணெயில் மட்டும் கரைந்துகொண்டிருந்த பொருள் இப்போது தண்ணீரில் கரையும், சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியே போகும். வந்தவனைத் துரத்தினால் போதும் என்பதுதான் உடம்பின் கணக்கு. சில சமயம் அதுவே வினையாகிவிடுகிறது. புகையிலும் எண்ணெயிலும் இருக்கும் பென்சோபைரீன் வந்தபடியே போய்விட்டால் பெரிய தொல்லை இல்லை. கல்லீரல் அதைத் திருத்தி அனுப்பப் போய்த்தான், டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் உருவத்துக்கு அது வருகிறது.

பாக்டீரியாவும் முதலில் ஆக்சிஜனைத்தான் செருகுகிறது. ஆனால் அதற்கு இது சாப்பாடு. ஆல்கனிவோராக்ஸ் என்றொரு கடல் பாக்டீரியா இருக்கிறது. ஆல்கேன் தின்னி என்பதே பெயரின் பொருள்; ஆல்கேன் என்பது எண்ணெயில் இருக்கும் கார்பன் சங்கிலி மூலக்கூறு. சுத்தமான கடலில் அதைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். எண்ணெய் விழுந்தால் மளமளவென்று பெருகும். எண்ணெய்த்துளியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, சோப்பு மாதிரி ஒன்றைக் கசியவிட்டு, துளியைச் சின்னச் சின்னதாக உடைக்கும். நீளச் சங்கிலி மூலக்கூறைக் கொழுப்பு அமிலமாக்கி, இரண்டு இரண்டு கார்பனாக நறுக்கித் தின்னும். முடிவில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும், கூடவே இன்னும் கொஞ்சம் பாக்டீரியாவும்.

வளைய மூலக்கூறுகளை அது தொடாது. அதற்கு சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்ற வேறு ஆட்கள் வர வேண்டும். தாரின் அடிமண்டியை ஏறக்குறைய யாருமே சீண்டுவதில்லை. ஆக எந்தக் கசிவும் ஒரே பாக்டீரியாவால் தீர்வதில்லை. அது ஒரு பந்தி. கடலடியிலிருந்து எண்ணெய் பல லட்சம் ஆண்டுகளாகத் தானாகக் கசிந்துகொண்டிருப்பதால், அந்தப் பந்தி கடலில் எப்போதோ உருவாகிவிட்டது.

வெளியூர்க் கட்சி

இந்தக் கட்சியின் நட்சத்திரம் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. மேற்கு வங்கத்தில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளை உடைக்கும் நான்கு பிளாஸ்மிடுகளை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையங்களை, ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். ஒரு பந்தியையே ஒரு வயிற்றுக்குள் அடைக்கப் பார்த்த முயற்சி. 1972ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது என்றது அலுவலகம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16ல் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ந்தது. உயிரித்தொழில்நுட்பம் ஒரு வியாபாரமாக எழுந்ததில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்குண்டு.

அந்த பாக்டீரியா? ஒரு கசிவில்கூட அதை இறக்கவில்லை. மரபணு மாற்றிய உயிரைத் திறந்த கடலில் விடுவதற்கு இருந்த தயக்கம் ஒரு காரணம். தயக்கமே இல்லாமல் விட்டிருந்தாலும் சாதித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதற்குக் காரணம் அலாஸ்கா.

1989 மார்ச் 24ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் ஏறி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. பாக்டீரியாப் பொடி விற்பவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதலில் ஆய்வகத்தில் வடிகட்டி, தேறிய இரண்டு பொடிகளை 1990ல் அலாஸ்கா கடற்கரையிலேயே பாத்தி போட்டுச் சோதித்தது. உரம் மட்டும் போட்ட பாத்தியைவிட, பொடியும் உரமும் போட்ட பாத்தி மேலானது என்று காட்ட முடியவில்லை.

வெளியூர்க்காரன் தோற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் சட்டியில் சொகுசாக வளர்ந்தது அது. இறக்கிவிட்ட இடத்தில் குளிர், உப்பு, அலை. போதாததற்கு, பாக்டீரியாவையே மேய்ந்து வாழும் ஒருசெல் உயிரிகள் காத்திருக்கும். தப்பிப் பிழைத்தால், அதே எண்ணெயை மும்முரமாகத் தின்று பெருகிக்கொண்டிருக்கும் உள்ளூர்க் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

உரக் கட்சி

எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர ஒன்றும் பெரிதாக இல்லை. அவற்றை மட்டும் தின்று பாக்டீரியாவால் பெருக முடியாது, சோறு மட்டும் போட்டு வளர்த்த பிள்ளை மாதிரி. புதிய செல் கட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். களத்தில் வேலை செய்பவர்கள் தோராயமாக 100:10:1 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100 கிலோ கார்பனுக்கு 10 கிலோ நைட்ரஜன், 1 கிலோ பாஸ்பரஸ். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த கணக்கு. அப்படியானால் 100 கிலோ கார்பன் கரைய ஏறக்குறைய 22 கிலோ யூரியா. கடல் தண்ணீர் தானாகக் கொடுக்கும் நைட்ரஜன் இதற்கு எந்த மூலைக்கு?

1989 கோடையில், அலாஸ்காவில் நைட் தீவின் ஸ்னக் ஹார்பர் என்ற சின்னக் குடாவில் இதைச் சோதித்தார்கள். கறுத்துப்போன கூழாங்கல் கரையில் ஒரு செவ்வகத்துக்கு இனிபோல் என்ற திரவ உரத்தைத் தெளித்தார்கள். வெறும் யூரியாவைத் தூவினால் அடுத்த ஓதத்தில் கரைந்து போய்விடும். இனிபோல் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், கறுப்புக் கரைக்கு நடுவே யாரோ துணியால் துடைத்துவிட்ட மாதிரி வெளிறிய செவ்வகம் ஒன்று தெரிந்தது. மேலே பறந்தவர்களுக்கும் தெரிந்தது. கல்லைப் புரட்டினால் அடியில் எண்ணெய் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பாக்டீரியா தின்றதா, அல்லது இனிபோலே சோப்பு மாதிரி கழுவிக் கடலில் விட்டதா? இதற்கு வேதியியலாளர்கள் வைத்திருக்கும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணெயில் ஹோபேன் என்றொரு பொருள் இருக்கிறது, பாக்டீரியாவுக்கு அது லேசில் செரிக்காது. எண்ணெய் கழுவிப் போனால் ஹோபேனும் கூடவே போகும், எல்லாம் அதே விகிதத்தில் குறையும். தின்னப்பட்டிருந்தால் ஹோபேன் மட்டும் தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலை மாதிரி அப்படியே கிடக்கும், மற்றவை அதோடு ஒப்பிட்டால் குறையும். அலாஸ்காவில் கறிவேப்பிலை மிஞ்சியிருந்தது. உரம் போட்ட இடங்களில் சிதைவு 2 முதல் 5 மடங்கு வேகம் பிடித்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஆனால் இந்தக் கட்சிக்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தெரிந்தது. 1994ல் அங்கே ஒரு கடற்கரையில் பாத்தி பிரித்து, அனுமதி வாங்கி, வேண்டுமென்றே கச்சா எண்ணெயை ஊற்றினார்கள். சில பாத்திகளைச் சும்மா விட்டார்கள், சிலவற்றுக்கு உரம், சிலவற்றுக்கு உரத்தோடு அதே கரையில் எடுத்து வளர்த்த பாக்டீரியா. பாக்டீரியா சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. உரத்தால் பலன் இருந்தது, ஆனால் சும்மா விட்ட பாத்தியும் நல்ல வேகத்திலேயே ஓடியது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே போதுமான நைட்ரஜன் இருந்ததுதான் காரணம்.

இரண்டாவது ஓட்டை காற்று. எண்ணெய் தின்னும் வேகமான பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அலாஸ்காவில் கூழாங்கல் அடுக்குக்குக் கீழே இறங்கிய எண்ணெய் பல ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோதும் ஈரம் காயாமல் கிடந்தது. ஹார்லெக்வின் வாத்துகளின் கல்லீரலில், முன்னே சொன்ன பி450 குடும்பத்தின் ஒரு நொதி 20 ஆண்டுகள் கழித்தும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மேலே கல் வெளுத்துவிட்டது, வாத்தின் உடம்போ இன்னும் எதையோ துரத்திக்கொண்டிருந்தது.

சும்மா விடு கட்சியையும் அலாஸ்காதான் கொஞ்சம் கௌரவப்படுத்தியது. பல இடங்களில் 60 டிகிரி வெந்நீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயோடு சேர்ந்து சிப்பி, பாசி, நத்தை எல்லாம் வெந்தன. கழுவாமல் விட்ட பாறைகள் கழுவிய பாறைகளைவிட முன்னதாகத் தேறின. 2010ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது, எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் ரசாயனத்தைச் சுமார் 70 லட்சம் லிட்டர் தெளித்ததும் வாதத்துக்குரிய வேலைதான். துளியை உடைத்து பாக்டீரியாவுக்கு வசதி செய்ததா, அல்லது சில பாக்டீரியாக்களை முடக்கியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

வெளியூர்க்காரன் ஜெயிக்கும் இடம்

உரக் கட்சிதான் என் கட்சி என்றாலும், எதிராளி வெளுத்து வாங்கும் தொகுதி ஒன்று இருக்கிறது. எந்திரங்களின் பிசுக்கைக் கழுவ ஒரு காலத்தில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அது தரைக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தால், காற்றில்லாத ஆழத்தில் சாதாரண பாக்டீரியாக்கள் அதன் குளோரின்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். பல இடங்களில் வேலை பாதியில் நின்றுவிடும். நிற்கிற இடத்தில் சேர்வது வைனைல் குளோரைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மருந்து கொடுத்து வியாதியை முற்றவைத்த கதை.

கடைசிக் குளோரின் வரை கழற்றிப் பாதிப்பில்லாத எத்திலீனாக்கிவிடுவதில் கைதேர்ந்தது டிஹாலோகாக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியா. அதைப் பற்றி 1997ல்தான் அறிவித்தார்கள். எல்லா மண்ணிலும் அது இல்லை. இல்லாத இடத்தில் எவ்வளவு தீனி போட்டாலும் பயனில்லை, ஆளையே கொண்டுவந்து இறக்கத்தான் வேண்டும். கிணற்று வழியாக அதை இறக்கி, வேலை முடிவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கசடுக் குழியும் அப்படித்தான். டெல்லியில் இருக்கும் டெரி ஆய்வு நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர், மக்காச்சோளக் கதிர்த்தண்டுப் பொடியில் ஏற்றிய பாக்டீரியாக் கூட்டம். நம் நாட்டில் அதை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குழியில் அலை இல்லை, போட்டது போட்ட இடத்தில் இருக்கும். உரம் போடலாம், தண்ணீர் தெளிக்கலாம், உழுது காற்றுவிடலாம். எண்ணூரில் அள்ளியதைக் குழியில் கொட்டி பாக்டீரியா போட்டது அந்த வகையில் சரியான வேலை. கடலில் தூவாததும் சரி.

பூஞ்சைக்கும் செடிக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் உண்டு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே உடைக்கும் வெண்ணழுகல் பூஞ்சை, வளைய மூலக்கூறுகளையும் உடைக்கும். ஆனால் மண்ணில் மரத்தூள் கொடுத்துத் தாங்கிப் பிடிக்காவிட்டால் உள்ளூர் பாக்டீரியா அதை அமுக்கிவிடும். செடி நம் கல்லீரல் மாதிரிதான், விஷத்தை மாற்றிக் கட்டிவைக்கும். வெளியேற்ற வழியில்லாததால் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும். எண்ணெய் விஷயத்தில் செடியின் பெரிய உதவி, வேரடியில் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் இடமும் காற்றும்.

மறுபடியும் எண்ணூர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இந்த முறை அலையடிக்கும் பாறை இல்லை, அலையாத்தி வேரும் சேறும். படகுகளின் பக்கவாட்டிலும் வேர்களிலும் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. மீனவர்கள் மறுபடி கையால் அள்ளினார்கள்.

அங்கே எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம்? உரம் என்றால், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வரும் சாக்கடையில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. டெலவேர் கதைதான். பாக்டீரியா என்றால், ஆண்டுக்கணக்காக எண்ணெய் வாடை படிந்த சேற்றில் எண்ணெய் தின்னி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே இல்லாதது காற்று. சேற்றில் விரலை விட்டால், மேலே மெல்லிய பழுப்புத் தோலுக்குக் கீழே உடனே கறுப்பும் அழுகல் நாற்றமும். அதற்குள் இறங்கிவிட்ட எண்ணெயை எடுக்க எந்த மூட்டையும் உதவாது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே உழவும் முடியாது. அதனால் இறங்குவதற்கு முன்னால் அள்ளுவதுதான் அங்கே முதல் வேலை, அதாவது வாளி.

அதையும் மீறி யாராவது பாக்டீரியாப் பொடியோடு வந்து, போடுவதற்கு முன், போட்ட பின் என்று இரண்டு படத்தைக் காட்டினால், நான் மூன்றாவதாக ஒரு படம் கேட்பேன்: அதே நாளில், அதே எண்ணெயில், பொடி போடாமல் விட்ட பக்கத்துப் பாத்தி.