வயல் நெட்டைக்காலியும் நீலகிரி நெட்டைக்காலியும்

கோவை, ஈரோடு பக்கம் உழுத காட்டில் விறுவிறுவென ஓடி, நின்று நிமிர்ந்து பார்க்கும் சிறு பறவை வயல் நெட்டைக்காலி. மார்பில் மட்டும் கொஞ்சம் கோடு, விலா கிட்டத்தட்ட வெறுமை. புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் இதையே முதலில் பழகலாம்.

நீலகிரி நெட்டைக்காலிக்கு மலையேற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிகளில்தான் இருக்கும். வால்பாறைக்கு மேலே அக்காமலைப் பக்கம் அப்படிப்பட்ட புல்வெளி உண்டு, ஆனால் வனத்துறை அனுமதி வேண்டும். முதுகில் அடர்ந்த கருங்கோடுகள், விலாவிலும் கோடுகள். இரண்டுமே தரையில் பூச்சி பொறுக்குபவைதான். ஆனால் அரண்டால் நீலகிரி நெட்டைக்காலி புதரிலோ மரத்திலோ போய் உட்காரும். வயல் நெட்டைக்காலி பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித் தரையிலேயே இறங்கிவிடும்.

வயல் நெட்டைக்காலிக்கு இப்போதைக்குக் கவலையில்லை. மலைப் பறவையின் புல்வெளியைத்தான் சீகை மரமும் (வாட்டில்) தைலமரமும் தின்றுவிட்டன. அங்கே இனி ஒரு மரம்கூட நடக்கூடாது.