எழுத்து அழித்த பைபர் கேபிளுக்கு 87,500 ரூபாய்: வன்னியில் கமெரா பூட்ட நினைப்பவர்கள் கவனியுங்கள்

87,500 ரூபாய். காலபோக நெல் விற்ற காசு. அது இப்போது எங்கள் வேலியோரம் மண்ணுக்குள் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிறது. இன்று காலையும் அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார்" என்றான் வேலைக்கு நிற்கும் பொடியன். அவனுக்குப் பின்னால் முதலாளி இருமுவது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் மானநஷ்ட வழக்கு என்று வருவார்கள், அதற்கும் நான்தான் அலைய வேண்டும். வவுனியா நகரில் கமெரா, கணினி, சோலார் எல்லாம் விற்று, சமூக வலைத்தளத்திலும் பளபளவென்று விளம்பரம் போடுகிற வகைக் கடை. அவ்வளவு போதும்.

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். வீடு வீதியோரம், நெல் களஞ்சியமும் நீர்ப்பம்பியும் வயல்கரையில். வேலியோரமாகப் போனால் 390 மீற்றர் அளவில் வரும். பம்பி ஒன்று களவு போனதிலிருந்து அங்கே கமெரா பூட்ட வேண்டும் என்று வீட்டில் ஒரே பேச்சு. சாதாரண செம்பு நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்கு மேல் உதவாது. வயர்லெஸ் என்றால் நடுவில் தேக்கும் பனையும் மறைக்கின்றன. அதோடு செம்பு இருக்கும் இடத்தில் இடிக்குப் பயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இடி விழுகிற விதம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பைபர் கேபிளின் உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. ஆகவே பைபர் என்று எடுத்த முடிவில் பிழையே இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

கடையில் முதலாளி கதிரை போட்டு, தேநீர் வரவழைத்து, "அண்ணை, உங்களுக்குத் தேவை சிங்கிள் மோட். பெரிய கம்பனிகள் வீதி வழியே இழுப்பதும் இதுதான்" என்று ஆரம்பித்தார். பைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதி ஒடுங்கியது சிங்கிள் மோட், அகலமானது மல்டி மோட். மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய இணைப்புக் கேபிளை எடுத்து என் கையில் தந்தார். "மஞ்சள் என்றால் சிங்கிள் மோட். செம்மஞ்சள் என்றால் பழைய மல்டி மோட், அதை வாங்கவே வாங்காதீர்கள். நீங்களே இணையத்தில் பாருங்கள்." பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். பிறகு ஒரு கறுப்புக் கேபிள் சுருளை உருட்டிக்கொண்டு வந்து, "இது வெளியே போடுவது, 500 மீற்றர், புத்தம் புதிது" என்றார். தோலைச் சீவி, ஒரு நுனியில் கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடித்தார். மறு நுனியில் வெள்ளைப் புள்ளியாக வெளிச்சம் பளிச்சென்று வந்தது. "கண்ணை வைத்துப் பாருங்கள் அண்ணை, 500 மீற்றர் கடந்து வருகிறது!" அந்தப் புள்ளியைப் பார்த்தபோதுதான் என் மனம் முழுதாக அவர் பக்கம் சாய்ந்தது. கண்ணால் கண்ட பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கேபிள் மீற்றர் 110 ரூபாய்ப்படி 55,000. ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் கன்வர்ட்டர் சோடி 14,500. "பியூஷன் இயந்திரம் கொண்டு வந்து இழையை உருக்கி ஒட்டித் தருவோம்" என்று கூலி 18,000. மொத்தம் 87,500 ரூபாய், எண்ணிக் கொடுத்தேன்.

வேலைக்கு வந்த தம்பி இயந்திரம் எதுவும் கொண்டு வரவில்லை. ஒரு தோள்பையும் ஒரு கத்தியும். "சின்ன வேலைக்கு இயந்திரம் தேவையில்லை" என்று பிளாஸ்டிக் கவ்விகளால் இழைகளைப் பொருத்தினான். 500 மீற்றர் கேபிள் களஞ்சியச் சுவருக்கு எட்டவில்லை. "வளைவு நெளிவில் போய்விட்டது ஐயா" என்று இன்னொரு துண்டை ஒட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றி, அப்படியே மண்ணுக்குள் புதைத்தான். சீவிய இழைத் துண்டுகளைத் திண்ணைப் பாயிலேயே விட்டுவிட்டுப் போனான். ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு பருமன், கண்ணுக்கும் லேசில் தெரியாது. மனைவியின் உள்ளங்காலில் ஏறிய ஒன்றை எடுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவன் நின்றவரை கமெராவில் படம் வந்தது. விட்டு விட்டு வந்தாலும் வந்தது. ஒரு மழை பெய்தது, பிறகு ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு கடைக்காரர் சொன்னவற்றைக் கேளுங்கள். முதலில், "அணில் கடித்திருக்கும்." அணிலும் எலியும் கேபிளைக் கடிப்பது உண்மை, ஆனால் என் கேபிள் மண்ணுக்குள், குழாயில் கிடக்கிறது. அடுத்தது, "இடி விழுந்திருக்கும் அண்ணை, அதற்கு உத்தரவாதம் இல்லை." கடையில் இருந்து இடிக்குப் பயமில்லை என்று சொல்லி விற்றவரே இவர்தான்! கன்வர்ட்டர் இரண்டிலும் மின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு, "நீங்கள் கேபிளை மடித்துவிட்டீர்கள்." களஞ்சிய மூலையில் சுவரோடு சுவராக மடித்து ஆணி அடித்தவன் அவருடைய ஆள். கேபிளின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆரைக்குக் குறைய வளைக்கக்கூடாது என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கடைசியில் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "பொடியனை அனுப்புகிறேன், நீங்கள் போங்கள்." அந்தப் பொடியன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

என் அக்காவின் மகன் கிளிநொச்சியில் பைபர் ஒட்டும் வேலை செய்கிறான். விடுமுறையில் வந்தவன் கேபிளைக் கையில் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, எழுத்து எங்கே?"

வெளியே போடும் கேபிளின் தோல் பெரும்பாலும் கறுப்பு. வெயிலைத் தாங்க அப்படிச் செய்கிறார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது. அதனால்தான் தயாரித்த கம்பனி, இழையின் வகை, எண்ணிக்கை, ஆண்டு, ஒவ்வொரு மீற்றருக்கும் ஓர் இலக்கம் எல்லாவற்றையும் தோலிலேயே அச்சடிக்கிறார்கள். எங்கள் கேபிளில் அது இல்லை. ரோர்ச் லைட்டைத் தோலோடு சாய்த்துப் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே போனான். களஞ்சியப் பக்கம் ஓரிடத்தில் எழுத்தை அழிக்கத் தேய்த்த தின்னர் துணி சரியாகப் படவில்லை போலிருக்கிறது. வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் "62.5/125" என்று தெரிந்தது.

62.5 என்றால் மல்டி மோட். ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 62.5 மைக்ரோமீற்றர். சிங்கிள் மோட்டில் அது 9 அளவில்தான். என் கன்வர்ட்டரும் இரு முனையிலும் பூட்டிய மஞ்சள் கேபிளும் உண்மையான சிங்கிள் மோட். இடையில் புதைத்தது யாரோ கழற்றி எறிந்த பழைய மல்டி மோட். பரப்பளவுக் கணக்கில் ஏறத்தாழ 48 மடங்கு அகலமான வழியில் இருந்து ஒளி ஒடுங்கிய வழிக்குள் நுழைய வேண்டும். வாய்க்கால் தண்ணீரைப் போத்தல் வாயில் ஊற்றினால் எவ்வளவு உள்ளே போகும்? வந்து சேரும் ஒளியின் வலுவை அளக்கும் மீட்டர் மைனஸ் 36 டி.பி.எம். காட்டியது (மைனஸ் இலக்கம் கூடக் கூட ஒளி குறைவு), கன்வர்ட்டரின் பெட்டியில் மைனஸ் 30 வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கிறது. சரியான சிங்கிள் மோட்டில் ஒரு கிலோமீற்றருக்கே இழப்பு 0.35 டெசிபல் அளவில்தான். டேப் சுற்றிய ஒட்டைத் தோண்டி எடுத்தபோது உள்ளே தண்ணீர் சொட்டியது. ஒட்டுக்கென்று நீர் புகாத பெட்டி விற்கிறார்கள், அதற்குள் வைத்துத்தான் புதைக்க வேண்டுமாம்.

கடையில் காட்டிய அந்த வெள்ளைப் புள்ளிக் கதையைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். "மாமா, அதிலேயே பிடிபட்டிருக்கிறது. சிங்கிள் மோட் என்றால் கைத்தொலைபேசி வெளிச்சம் அப்படிப் பளிச்சென்று வராது. நடுப்பகுதி அகலமான மல்டி மோட்டில்தான் வரும்." எதைக் காட்டி என்னை நம்ப வைத்தாரோ, அதுவே அவருடைய பொய்க்குச் சாட்சி!

இன்னும் இருக்கிறது. முதலில் இழுத்த கேபிளின் இரு நுனிக்கும் பக்கத்தில் அரைகுறையாக மிஞ்சிய மீற்றர் இலக்கங்களையும் கண்டுபிடித்தான். வீட்டுப் பக்கம் 1306, களஞ்சியப் பக்கம் 911. கழித்துப் பாருங்கள்: 395. 500 மீற்றருக்குக் காசு வாங்கி 105 மீற்றர் குறைத்திருக்கிறார். அதில் மட்டும் 11,550 ரூபாய். வளைவு நெளிவில் போனதாம்!

சொன்ன ஆலோசனைகளுக்கு வருகிறேன், பொறுமை இல்லை, சுருக்கமாக. தோலில் எழுத்து இல்லாத கேபிளைத் தொடாதீர்கள். எழுத்து இருந்தால் இரு நுனி இலக்கத்தையும் கழித்து நீளத்தைப் பாருங்கள், இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். 9/125 அல்லது ஜி.652டி, ஜி.657 என்று இருந்தால் சிங்கிள் மோட், 50/125, 62.5/125 மல்டி மோட். இணைப்பியின் மூக்கு பச்சை என்றால் நுனி 8 பாகை சாய்த்துத் தீட்டியது, நீலம் என்றால் சாய்வில்லாதது. இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டாதீர்கள். பூட்டாத நுனிக்கு மூடி போட்டே வையுங்கள், கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் தூசு போதும் அதைக் கெடுக்க. துடைப்பதென்றால் கட்டியிருக்கும் சாரத்தால் துடைக்காமல் ஐசோபுரோபைல் அல்ககோலும் பஞ்சு உதிராத தாளும் பாவியுங்கள். கேபிள் நுனியில் கண்ணை வைக்கவே வைக்காதீர்கள். கன்வர்ட்டரில் இருந்து வரும் 1310 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். வேலை முடிந்ததும் ஒளி மீட்டர் காட்டும் அளவை எழுதி வாங்கிய பிறகே கூலியைக் கொடுங்கள்.

பற்றுச்சீட்டிலும் வகையை எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தந்ததில் "கேபிள் 500" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதப் போகிறேன். அவர்களுடைய அவசர இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். புதைத்ததைக் கிண்டி எடுக்க ஆள்கூலி வேறு கேட்கிறார்கள். அதையும் 87,500 ரூபாயோடு சேர்த்தே அந்த முதலாளியிடம் கேட்கப் போகிறேன், கொழும்பில் இருந்து வந்துவிட்டாரானால்.