எலிஃபண்ட் நேச்சர் பார்க், சியாங் மாய்: பதின்வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு

யானையைக் குளிப்பாட்டலாம், முதுகில் ஏறலாம், தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த இடம் முதல் நாளே ஏமாற்றம் தரும். இங்கே சவாரி கிடையாது, வித்தை கிடையாது. ஆற்றில் இறங்கி யானைமேல் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியிருப்பது சாணமும் தர்பூசணியும்தான். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த இடத்தை நாங்கள் சிபாரிசு செய்வதும் அதற்காகத்தான்.

தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், மே தேங் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்த யானை மீட்பு மையம். லெக் சைலெர்ட் என்ற பெண்மணி தொடங்கியது. 1989இல் அந்த நாட்டில் காட்டு மரம் வெட்டத் தடை வந்தபோது, மரம் இழுத்த யானைகளுக்கு வேலை போயிற்று. பல யானைகள் சவாரிக்கும் தெருப் பிச்சைக்கும் போயின. பூங்காவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழியாக வந்தவை. இடுப்பு முறிந்தவை, கண் போனவை, கண்ணிவெடியை மிதித்துக் கால் சிதைந்தவை எல்லாம் அதில் உண்டு. நகரத்திலிருந்து வரும் வேனிலேயே யானைகளை எப்படி அடித்துப் பழக்குகிறார்கள் என்று ஒரு காணொளி போடுவார்கள். சின்னத் தம்பி தங்கை கூட வந்தால் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிடுங்கள்.

ஒரு நாள் பார்வைக்குச் சுமார் 2,500 பாத், ஒரு வாரத் தன்னார்வப் பணிக்குச் சுமார் 12,000 பாத். தங்குமிடமும் சாப்பாடும் அதற்குள்ளேயே அடக்கம். சாப்பாடு முழுக்கச் சைவம், வகைக்கும் அளவுக்கும் குறைவில்லை. ஒரு நாள் திட்டத்தைத் தன்னார்வப் பணி என்று நினைத்துப் போகக்கூடாது. அது நடந்து சுற்றிப் பார்ப்பதுதான். பிள்ளை உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும் என்றால் ஒரு வாரத் திட்டம்தான் சரி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூடவே தங்க வேண்டும், நீங்களும் மண்வெட்டி பிடிக்க வேண்டும். உலகில் பல மீட்பு மையங்கள் பதினெட்டு ஆகாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. குடும்பமாகச் சேர முடிகிறது என்பதுதான் இங்கே பெரிய வசதி.

இனி வேலை. வளர்ந்த ஆசிய யானை ஒன்று ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. நூறு யானைகள் இருக்கும் இடத்தில் காலையில் என்ன காத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புது லத்தி பெரும்பாலும் நார்தான், நனைந்த வைக்கோல் வாடை அடிக்கும், அவ்வளவு குமட்டாது. சிக்கல் எடையில் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் தள்ளுவண்டியை விளிம்பு வரை நிரப்பி, சேற்றில் பத்தடி போவதற்குள் கவிழ்த்துவிடுவார்கள். முக்கால் வண்டிக்கு மேல் ஏற்றாமல், பாரத்தைச் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளிவைத்தால் கை நோகாது. மண்வெட்டியால் அள்ளும்போது முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்தால் மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாது.

அடுக்களை வேலைதான் எங்கள் பார்வையில் இந்த வாரத்தின் உயிர். லாரியில் வந்து இறங்கும் தர்பூசணி, பூசணி, வாழைத்தார் எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் தோலில் பூச்சிமருந்து இருக்கும், யானை தோலோடுதான் தின்னும். பிறகு கிழட்டு யானைகளுக்கான உணவு. யானைக்கு வாழ்நாளில் கடைவாய்ப்பல் ஆறு முறைதான் முளைக்கும். அறுபது வயதை ஒட்டி கடைசிப் பல்லும் தேய்ந்துபோனால், வயிறு நிறையத் தீனி முன்னால் கிடந்தும் பட்டினிதான். அதனால் வாழைப்பழத்தை உரித்து, வெந்த சோறும் பூசணியும் சேர்த்துக் கையால் பிசைந்து, உள்ளங்கை கொள்ளும் உருண்டையாகப் பிடிக்கிறார்கள். உருண்டை தளர்வாக இருந்தால் தும்பிக்கையில் உதிர்ந்து கீழே கொட்டிவிடும், இறுக்கிப் பிடித்தால்தான் வாய்வரை போகும். பல்லில்லாத யானையின் கூடையில் தோல் தடித்த பூசணித் துண்டு ஒன்று தவறி விழுந்தாலும் அது மெல்லாமல் விழுங்கி வயிறு கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே எந்தக் கூடை யாருக்கு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது.

சில நாட்களில் சோளத்தட்டை அறுக்க வயலுக்கு அழைத்துப் போவார்கள். சோள இலை கையைக் கீறும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் போகக்கூடாது. அரிவாள் பழக்கமில்லாத பிள்ளை என்றால் கட்டுக் கட்டுவதிலும் ஏற்றுவதிலும் நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். கால்நடை மருத்துவருக்கு உதவலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், மருந்து கட்டுவதைத் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. வேலை காலையும் பிற்பகலும் பிரிந்து வரும், நடுவில் ஓய்வு நிறைய. மூன்றாம் நாள் வாக்கில் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து ஒரே யானையை ஒரு மணி நேரம் கவனித்து எழுதச் சொன்னால் அந்த மதியங்களும் வீணாகாது.

யானை அருகே போகும்போது பாகன் சொல்வதுதான் சட்டம். பின்பக்கமாக நெருங்கக்கூடாது, இரண்டு யானைகளுக்கு நடுவே புகுந்து போகக்கூடாது. கண் தெரியாத யானை சத்தம் கேட்டு மிரண்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் தென் தாய்லாந்துத் தீவு ஒன்றில் வேறொரு மையத்தில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி யானை குத்தி இறந்தார். 'சரணாலயம்' என்று பலகை மாட்டிக்கொண்டு சேற்றுக் குளியலும் குட்டியோடு படமும் விற்கும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள்.

பூங்காவில் நூற்றுக்கணக்கில் நாய்களும் பூனைகளும் உண்டு. பிள்ளையின் கை தானாக அங்கேதான் போகும். புறப்படும் முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. அதன்பிறகும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஒன்றும் மூன்று நாள் கழித்து ஒன்றுமாக ஊசி போட்டாக வேண்டும். டெட்டனஸ் ஊசியின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். விடாத இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மனிதரிடமிருந்து யானைக்குக் காசநோய் தொற்றும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் சரியான காலம், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்து முழுக்க வயலும் காடும் எரியும் புகை, ஆஸ்துமா உள்ள பிள்ளையைக் கூட்டிப்போகவே கூடாது. மழைக்காலத்தில் ஆறு சட்டென்று ஏறும். 2024 அக்டோபர் வெள்ளத்தில் பூங்காவே மூழ்கி, இரண்டு யானைகள் இறந்தன.

குறை ஒன்று உண்டு. தாய்லாந்தில் வளர்ப்பு யானை சட்டப்படி வனவிலங்கு இல்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சுமை இழுக்கும் கால்நடையோடு சேர்க்கிறது, விற்கலாம், வாங்கலாம். ஆகவே மீட்பது என்றால் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதுதான். விற்றவர் அந்தக் காசில் இன்னொரு குட்டியை வாங்கினால் என்ன செய்வது? விவரம் தெரிந்த பிள்ளை இதைக் கேட்கும். பூங்காவில் கேட்கட்டும், அங்கே இதைப் பேசத் தயங்க மாட்டார்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை மணிநேரச் சான்று வேண்டும் என்றால், பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துணி பழையதாகவே இருக்கட்டும். சாணக்கறை போகாது.