சைல்ட்மைன்டரா பதிஞ்சு தாறன் எண்டு காசு கேக்கிற ஆக்கள்: லண்டன் தமிழ்ச்சனம் கவனம்

வீட்டில காசுக்குப் பிள்ளையள் பாக்கிற வேலை (சைல்ட்மைன்டிங்) தொடங்க யோசிக்கிற அக்காமார் தங்கச்சிமார், ஆருக்கும் காசு குடுக்க முதல் ஒருக்கா இதை வாசியுங்கோ. எங்கட ஏரியா வட்ஸ்அப் குரூப்பில தமிழ் ஆள் ஒராள், தான் "சைல்ட்மைன்டர் ஏஜென்சி" நடத்துறன், 450 பவுண்ஸ் தந்தா ஆஃப்ஸ்டெட் (பிள்ளை பாக்கிற ஆக்களைப் பதிஞ்சு செக் பண்ணுற கவுன்மென்ட் ஒஃபிஸ்), ரக்ஸ் ஃப்ரீ (பிள்ளை பாக்கிற செலவுக்கு கவுன்மென்ட் சேர்த்துப் போடுற காசு), 30 மணித்தியால ஃப்ரீ அவர்ஸ் (கிழமைக்கு அவ்வளவு மணித்தியாலத்துக்கு கவுன்மென்ட் காசு குடுக்கிறது) எல்லாத்துக்கும் ஒரேயடியா பதிஞ்சு தாறன், ஒரு மாசத்தில கவுன்மென்ட் காசு உங்கட பாங்குக்கு வரும் எண்டு விளம்பரம் போடுறார். என்னட்டயும் வாங்கினவர். போம் நிரப்பி, பாஸ்போட் கொப்பி எடுத்து, கடைசியில ஒரு நம்பரை அனுப்பி இதுதான் உங்கட ஆஃப்ஸ்டெட் நம்பர், இனிப் பிள்ளையள எடுக்கலாம் எண்டார்.

அந்த நம்பர் பொய். என்னட்டப் பிள்ளையை விட இருந்த தாய்தான் கண்டுபிடிச்சவா. தன்ர ரக்ஸ் ஃப்ரீ எக்கவுண்டில என்னைச் சேர்ப்பம் எண்டு தேடினா என்ர பேரே இல்லை, ஆஃப்ஸ்டெட் வெப்சைட்டில அந்த நம்பரை அடிச்சா வேற ஊர் நேர்சரி ஒண்டு வருது. அவருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டா "சிஸ்டம் அப்டேட் ஆக டைம் எடுக்கும் அக்கா, நீங்கள் தொடங்குங்கோ, ஒருத்தரும் செக் பண்ண மாட்டினம்" எண்டுறார். இங்கிலாந்தில எட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையை எங்கட வீட்டில வச்சு ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல காசுக்குப் பாக்கிறதெண்டா பதிவு கட்டாயம், இல்லாமல் பாத்தா சட்டப்படி குற்றம். காசு போனது ஒரு பக்கம், என்னைக் குற்றவாளி ஆக்கப் பாத்தவர், அதுதான் எனக்கு இன்னும் ஆறேல்ல.

ஏஜென்சி எண்டு பேர் வச்சபடியாத்தான் சனம் நம்புது. உண்மையான சைல்ட்மைன்டர் ஏஜென்சியள் இருக்கு, ஆஃப்ஸ்டெட்டுக்குப் பதிலா அவையிட்டயும் பதியலாம், ஆனா அந்த ஏஜென்சியே ஆஃப்ஸ்டெட்டில பதிஞ்சிருக்க வேணும், லிஸ்ட் கவுன்மென்ட் வெப்சைட்டில கிடக்கு. இவர் அதில இல்லை.

நானா விசாரிச்ச பிறகுதான் விளங்கினது, இது ஒரேயடியா முடியிற விஷயமே இல்லை, மூண்டு இடம் வேற வேற. முதல் ஆஃப்ஸ்டெட். அஞ்சு வயசுக்குக் கீழ பாக்கிறதெண்டா அவை எடுக்கிற ஃபீஸ் வெறும் 35 பவுண்ஸ். பிள்ளையளுக்கான ஃபெர்ஸ்ட் எய்ட் கோர்ஸ் 12 மணித்தியாலம், என்ஹான்ஸ்ட் டிபிஎஸ் (குற்றப் பதிவு இருக்கோ எண்டு ஆழமாப் பாக்கிற செக்), வீட்டில இருக்கிற 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ள எல்லாருக்கும் டிபிஎஸ், பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பாத்துக் கதைப்பா. எங்கட ஆள் எனக்கு எடுத்துத் தந்தது பேசிக் டிபிஎஸ், அது இந்த வேலைக்கு உதவாது. வீட்டுக்கு ஒருத்தரும் வந்து பாக்காமல் நம்பர் வந்திட்டுது எண்டு ஆராவது சொன்னா அங்கயே நிப்பாட்டுங்கோ.

ஆஃப்ஸ்டெட் முடிஞ்சாப்பிறகு ரக்ஸ் ஃப்ரீக்கு எச்எம்ஆர்சியோட (வரி ஒஃபிஸ்) நீங்களே ஒன்லைனில சைன் அப் பண்ணலாம், ஒரு சதமும் இல்லை. தாய் தகப்பன் 8 பவுண்ஸ் போட்டா கவுன்மென்ட் 2 பவுண்ஸ் போடும், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 2,000 வரைக்கும். 30 மணித்தியாலம் அதோட சேராது, அதுக்கு உங்கட கவுன்சிலோட அக்ரீமென்ட் சைன் பண்ண வேணும், அந்தக் காசை மணித்தியாலக் கணக்கில தாறது கவுன்சில். 2025 செப்டெம்பரில இருந்து வேலை செய்யிற தாய் தகப்பன்ர ஒன்பது மாசப் பிள்ளைக்கே 30 மணித்தியாலம் கிடைக்கிறபடியா இப்ப எல்லாரும் சைல்ட்மைன்டர் தேடினம், அந்த அவசரத்தைத்தான் இப்பிடியான ஆக்கள் காசாக்கினம்.

இன்னொரு பொய்யும் சொல்லித் திரியிறார், அது இதைவிட மோசம். அம்மம்மாமார் பதிஞ்சா சொந்தப் பேரப்பிள்ளையைப் பாக்கிறதுக்கும் ஃப்ரீ அவர்ஸ் காசு எடுக்கலாமாம். எடுக்கேலாது. அம்மம்மா, அப்பம்மா, சித்தி, மாமி எண்டு சொந்தக்காரர் பாத்தா அந்த மணித்தியாலக் காசு சட்டப்படி கிடையாது, நீங்கள் எவ்வளவு முறையாப் பதிஞ்சிருந்தாலும். எங்கட சனத்தில முக்கால்வாசி வீட்டில அம்மம்மாதானே பாக்கிறவா, இதை நம்பி எத்தனை வயசுபோன ஆக்கள் காசு குடுத்திருப்பினமோ தெரியேல்ல.

என்னட்டப் பிள்ளையை விட இருந்த அந்தத் தாய் பாவம். செப்டெம்பர் டேர்முக்குக் கடைசித் திகதியான 31 ஓகஸ்ட்டுக்கு முன்னமே 30 மணித்தியாலத்துக்கான கோட் (தகுதி இருக்கு எண்டு கவுன்மென்ட் தாற நம்பர்) எல்லாம் எடுத்து வச்சிருந்தவா, ஆனா என்னட்டப் பதிவும் இல்லை, கவுன்சில் அக்ரீமென்டும் இல்லை, அந்தக் கோட்டை நான் எப்பிடிப் பாவிக்கிறது? கிட்ட இருந்த நேர்சரியள் எல்லாம் ஃபுல். கடைசியில வேலையில சம்பளமில்லாத லீவு போட்டவா. அந்தச் சம்பளத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?

காசு குடுத்து ஏமாந்த ஆக்கள் உடன பாங்குக்கு ஃபோன் எடுங்கோ. 2024 ஒக்டோபர் 7 இல இருந்து மோசடிக்காரருக்கு பாங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ணின காசைப் பாங்க் திருப்பித் தரவேணும் எண்டு ரூல் இருக்கு, காசு அனுப்பி 13 மாசத்துக்குள்ள சொல்லவேணும். வேலை சரியாச் செய்யேல்ல எண்டு மட்டும் சொன்னா அது உங்கட ரெண்டு பேரின்ர பிரச்சினை எண்டு தட்டிக் கழிப்பினம், பொய் நம்பர் தந்தவர் எண்டதைச் சொல்லுங்கோ, அந்த மெசேஜைக் காட்டுங்கோ. என்ர கேஸ் இப்ப போய்க்கொண்டிருக்கு. இதே ஆளிட்டக் காசு குடுத்தவை இருந்தா எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கோ, அவர் அனுப்பின மெசேஜ் ஒண்டையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிருங்கோ, எல்லாரும் சேர்ந்து பொலிஸில குடுப்பம்.