கரைச்சியில் தரம் ஒன்றுக்கு எந்தப் பாடசாலை?

ஜனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைவடையும் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்ப்பதற்காக, கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில் மூன்று அரசாங்கப் பாடசாலைகளைப் பார்த்தேன். ஒன்று ஏ9 வீதியை அண்டிய பெரிய பாடசாலையின் ஆரம்பப் பிரிவு. இன்னொன்று இரணைமடு வாய்க்கால் வழியில் சாதாரண தரம் (தரம் பதினொன்று) வரை உள்ள பாடசாலை. மற்றது தரம் ஐந்துடன் முடிவடையும் சிறிய அ.த.க. (அரசினர் தமிழ்க் கலவன்) பாடசாலை. பாடநூல், சீருடைத் துணி, பாடத்திட்டம் யாவும் மூன்றுக்கும் ஒன்றே என்பதால், வேறுபாட்டை வகுப்பறைக்குள்தான் தேட வேண்டியிருந்தது.

பெரிய பாடசாலையின் வாசலில், தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்ற பிள்ளைகளின் படங்களோடு பதாகை கட்டியிருந்தார்கள். எங்கள் பெற்றோரில் பலர் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். பரீட்சைக்குத் தோற்றியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மாலையில் தனியார் வகுப்புக்குப் போனவர்கள் என்பவை அந்தப் பதாகையில் இராது. சமாந்தர வகுப்புகள், ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர், நூலகம் என வசதிக்கு அங்கு குறைவில்லை. ஆனால் தரம் இரண்டில், பின்வரிசைப் பிள்ளைகள் சிலரின் கொப்பிகளில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய வரிகள் அழகாக இருந்தும், அவற்றையே வாசிக்கச் சொன்னபோது அவர்கள் திணறினார்கள். அவ்வளவு பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் வாசிக்கவிட்டுக் கேட்பது எளிதல்ல.

வாய்க்கால் வழிப் பாடசாலையில் பெரிய குறை எதையும் காணவில்லை. எனினும் அதிபரின் பேச்சு முழுவதும் சாதாரண தரப் பெறுபேற்றைச் சுற்றியே இருந்தது.

சிறிய பாடசாலையில் தரம் மூன்றும் நான்கும் ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியையிடம் படிக்கின்றன. நான்காம் தரத்தாரை வெற்றுச் சவர்க்காரப் பெட்டிகளும் காகிதக் காசும் வைத்துக் கடை நடத்திக் கணக்கெழுத விட்டுவிட்டு, அவர் மூன்றாம் தரத்தாருடன் பாயில் அமர்ந்து ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்டார். வரி தவறி வாசித்த பிள்ளையை இடைமறித்துத் திருத்தாமல், அவ்வரியின் கீழே ஒரு மட்டைத் துண்டை வைத்து, வரிக்கு வரி அதை நகர்த்திக் கொடுத்தார். பிள்ளை பக்கத்தை முடித்துவிட்டே எழுந்தது. பல்வகுப்புக் கற்பித்தல் என்றாலே தரக்குறைவு என்று எண்ணுபவர்கள் இந்த மண்டபத்தில் அரை மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. தரம் ஆறுக்கு வேறு பாடசாலை தேட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய கவலை, ஓர் ஆசிரியர் விடுமுறையில் நின்றால் இரண்டு தரங்கள் ஒருசேரப் படிப்பை இழக்கின்றன என்பதே.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தும், எழுத்தும் எண்ணும் பிடிபட வேண்டிய முதல் ஆண்டுகளுக்கு நான் சிறிய பாடசாலையையே தெரிவு செய்கிறேன். நீங்கள் எந்தப் பாடசாலைக்குப் போனாலும், தரம் ஒன்று ஆசிரியர் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவரா, அவருக்கு இடமாற்றம் எப்போது வரும் என்று அதிபரிடம் கேளுங்கள். வடக்கில் கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்தவர்கள் மாற்றம் கேட்பது நியாயமே. ஆனால் பதிலாசிரியர் வந்து பொறுப்பேற்ற பின்னரே அவர்களை விடுவிக்க வேண்டுமென, இத்தகைய சிறிய பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்கள் வலயக் கல்விப் பணிமனைக்கு இப்போதே எழுத வேண்டும்.