ரெஜ்ஜி கார்பன் ஏலத் திட்டம்: 5க்கு 4 நட்சத்திரம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் மின் நிலையங்களின் கார்பன் புகையைக் குறைக்கக் கூட்டாக நடத்தும் திட்டம் இது. ஆர்.ஜி.ஜி.ஐ. என்ற பெயரைச் சுருக்கி ரெஜ்ஜி என்பார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்கும் 25 மெகாவாட்டும் அதற்கு மேலுமான நிலையங்கள், வெளியேற்றும் ஒவ்வொரு ஷார்ட் டன் (சுமார் 907 கிலோ கொண்ட அமெரிக்க டன்) கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு அனுமதிச் சீட்டை ஒப்படைக்க வேண்டும். மொத்தம் எத்தனை சீட்டு என்பதற்கு உச்சவரம்பு உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சீட்டுகளைப் பெரும்பாலும் இனாமாகக் கொடுக்காமல் ஏலம் விட்டதுதான். 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்படி ஒரு சந்தையைத் தொடங்கியபோது கிட்டத்தட்ட எல்லாச் சீட்டையும் இலவசமாகவே தந்தது, மின் நிறுவனங்கள் சும்மா கிடைத்த அந்தச் சீட்டின் விலையையும் மின் கட்டணத்தில் ஏற்றி நல்ல லாபம் பார்த்தன. ரெஜ்ஜியின் முதல் ஏலம் 2008 செப்டம்பரில் நடந்தது, விலை 3.07 டாலர். இன்றும் 3 மாதத்துக்கு ஒருமுறை ஏலம் நடக்கிறது. பணம் மாநிலங்களுக்குப் போகிறது, அதில் பெரும் பங்கு மின் சிக்கனத் திட்டங்களுக்கு.

சரி, குறை என்ன? ஆரம்பத்தில் வரம்பையே தாராளமாக வைத்துவிட்டார்கள். 2009இல் 18.8 கோடி டன். பொருளாதாரம் சரிந்து, எரிவாயுவும் மலிந்து, வரம்பைத் தொடாமலேயே புகை தானாகக் குறைந்தது. தேவைக்கு மேல் சீட்டு கிடந்தால் யார் விலை கொடுப்பார்கள்? சில வருடங்கள் ஏலம் குறைந்தபட்ச விலையிலேயே, 2 டாலருக்கும் கீழே கிடந்தது. அப்புறம் 2014இல் வரம்பை 9.1 கோடி டன்னுக்கு இறக்கி, வருடம் 2.5 சதவீதம் குறையும்படி மாற்றினார்கள். என்னைக் கேட்டால் திட்டம் உண்மையில் தொடங்கியது அந்த வருடம்தான். தப்பை ஒப்புக்கொண்டு எண்ணைத் திருத்தியதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். 2024இல் விலை 20 டாலரைத் தாண்டியது.

மாநிலங்கள் வருவதும் போவதும்தான் வருத்தம். நியூ ஜெர்சி 2011 முடிவில் விலகி 2020இல் திரும்பியது. வர்ஜீனியா 2021இல் சேர்ந்து, வெள்ளத் தடுப்புக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் மின் செலவைக் குறைக்கவும் ஏலப் பணத்தை ஒதுக்கியது. 2023 முடிவில் வெளியேறிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

நான் குறைத்த அந்த ஒரு நட்சத்திரம் எல்லைக்கு வெளியே இருந்து வரும் மின்சாரத்துக்காக. உறுப்பினர் அல்லாத மாநிலத்தில் நிலக்கரியை எரித்து மின்கம்பி வழியாக இங்கே விற்றால் அதற்குச் சீட்டே வேண்டாம், இத்தனை வருடமாகியும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை.